எடையிட்ட பொருத்தக் கணக்கும் தனிவகைக் கோட்டுருக்களும்: ‘எளிமை’ என்னும் கருத்தாக்கம் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

எடையிட்ட கோட்டுருவில் பெரும எடையுடைய பொருத்தத்தைக் கண்டறியும் நெறிமுறைகள், இருகூறு கோட்டுரு, மரம், சமதளக் கோட்டுரு, தளத்துப் புள்ளிகள் எனத் தனிவகை தோறும் தனித்தனியே உருவாக்கப்பட்டுள்ளன. இவற்றை இயங்கு நேரத்தின் அடிப்படையில் ஒரே அட்டவணையில் வரிசைப்படுத்துவது ஆய்வு வழக்கு. இவ்வழக்கு மூன்று வேறுபட்ட எளிமைகளை ஒன்றாகக் குழப்புகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. விடை சரியானது என்பதற்கான சான்றைச் சுருக்கும் தனிவகை, தேடலைச் சுருக்கும் தனிவகை, எடைகளின் இயல்பால் அமையும் தனிவகை ஆகியன தம்முள் வேறானவை. இவற்றைப் பிரித்தறியும் அளவுகோலாகச் சான்றின் வடிவத்தைக் கொள்ளலாம் என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: கோட்டுரு, எடையிட்ட பொருத்தம், இருகூறு, சமதளம், இருமை, ஒற்றைக்கணம், சான்று.

முன்னுரை

முனைகளும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் கொண்ட அமைப்பு கோட்டுரு எனப்படும். பள்ளிப் பாடநூல்களில் சார்புகளின் வளைவரையைக் குறிக்கும் ‘வரைபடம்’ என்னும் சொல்லோடு மயங்காதிருக்க இச்சொல்லே இங்கு ஆளப்படுகிறது. எந்த இரு விளிம்புகளும் பொதுமுனை கொள்ளாதவாறு தெரிவுசெய்யப்பட்ட விளிம்புகளின் தொகுதி பொருத்தம் ஆகும். ஒவ்வொரு விளிம்புக்கும் ஓர் எடை தரப்பட்டிருக்க, எடைகளின் கூட்டுத்தொகை பெருமமாக அமையும் பொருத்தத்தைக் காண்பதே எடையிட்ட பொருத்தக் கணக்கு. எல்லா முனைகளையும் தழுவும் பொருத்தம் முழுப் பொருத்தம் எனப்படும்.

இக்கணக்குக்கு எந்தக் கோட்டுருவிலும் பல்லுறுப்புக்கோவை நேரத்தில் விடை காணலாம் என்பதை ஜாக் எட்மண்ட்ஸ் 1965-இல் நிறுவினார். பொதுவகைக்கே விடை கிடைத்த பின்னும் தனிவகைகளுக்கான நெறிமுறைகள் தொடர்ந்து தேடப்படுவது ஏன் என்னும் வினா எழுகிறது. விரைவுக்காக என்பதே வழக்கமான மறுமொழி. அம்மறுமொழி பொய்யன்று, ஆயினும் முழுமையானதன்று. ஒரு தனிவகை ஏன் எளிதாகிறது, எந்த வினாவுக்கு எளிதாகிறது என்பவற்றை அது விளக்குவதில்லை.

இருகூறு கோட்டுரு: விலைகளே சான்று

முனைகளை இரு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு விளிம்பும் ஒரு கூற்றிலிருந்து மறுகூற்றுக்கே செல்லுமாறு அமைக்க முடியுமெனில் அது இருகூறு கோட்டுரு. பணியாளர் ஒரு கூறாகவும் பணிகள் மறுகூறாகவும் அமையும் ஒதுக்கீட்டுக் கணக்கு இதன் நன்கறியப்பட்ட வடிவம்.

க, ச என்னும் இரு பணியாளரும் ட, த என்னும் இரு பணிகளும் உள்ளதாகக் கொள்க. க என்பவர் ட பணியைச் செய்தால் பயன் 6, த பணியைச் செய்தால் 5. ச என்பவருக்கு அவை முறையே 5, 2. மிகப்பெரிய எடையாகிய 6-ஐ முதலில் பற்றிக்கொண்டால் எஞ்சுவது 2; மொத்தம் 8. மாறாக, க என்பவருக்கு த, ச என்பவருக்கு ட என ஒதுக்கினால் மொத்தம் 10. தனித்தனியே பார்க்கையில் மிகச் சிறந்ததாகத் தோன்றும் விளிம்பு, உகந்த விடையில் இடம்பெறவே இல்லை.

பத்துக்கு மேல் பெற முடியாது என்பதை, எல்லா ஒதுக்கீடுகளையும் எண்ணிப் பார்க்காமல் காட்ட வழியுண்டு. க முனைக்கு 5, ச முனைக்கு 2, ட முனைக்கு 3, த முனைக்கு 0 என விலை இடுக. ஒவ்வொரு விளிம்பிலும் இருமுனை விலைகளின் கூட்டுத்தொகை அவ்விளிம்பின் எடைக்குக் குறையாதிருப்பதைச் சரிபார்க்கலாம்: 8, 5, 5, 2 என்பன முறையே 6, 5, 5, 2 என்பவற்றுக்குக் குறைந்தன அல்ல. பொருத்தத்தில் ஒரு முனை ஒருமுறைக்கு மேல் வாராது. ஆகவே எந்தப் பொருத்தத்தின் எடையும் விலைகளின் மொத்தமாகிய 10-ஐ விஞ்ச இயலாது. விடை 10, தடை எல்லையும் 10. இந்நான்கு விலைகளே சான்று. விடையைக் கண்டறிந்தவரை நம்பவேண்டிய தேவை இல்லை. விலைகளைப் பெற்ற எவரும் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இருகூறு கோட்டுருவில் இத்தகைய விலைச்சான்று எப்போதும் உண்டு என்பதே 1931-இல் எகர்வாரி நிறுவிய தேற்றத்தின் சாரம். எடையற்ற வடிவத்தை அதே ஆண்டில் கேனிக் நிறுவியிருந்தார். இவ்விரு ஹங்கேரியக் கணிதவியலாளரின் கருத்துகளிலிருந்து தம் நெறிமுறையை உருவாக்கிய ஹரால்ட் கூன், 1955-இல் அதற்கு ‘ஹங்கேரியன் முறை’ எனப் பெயரிட்டார். யாக்கோபி 1851-இல் மறைந்த பின் வெளியிடப்பட்ட அவருடைய இலத்தீன் எழுத்துகளில் இம்முறை ஏற்கெனவே இருந்தது என்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

மரம் என்னும் தனிவகையில் சுற்றே இல்லை. ஆதலால் அதுவும் இருகூறே. ஒவ்வொரு முனைக்கும் ‘கீழுள்ள ஒரு முனையோடு பொருந்தியது’, ‘பொருந்தாதது’ என இரு மதிப்புகளைக் கணித்து, நுனியிலிருந்து வேர் நோக்கிச் சென்றால் முனைகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதமான நேரத்தில் விடை கிடைத்துவிடும். எனினும் சான்றின் வடிவம் மாறவில்லை. மரத்திலும் முனை விலைகளே போதும். தேடல் மட்டும் சுருங்கியுள்ளது.

ஒற்றைச் சுற்றும் மலரும்

மூன்று முனைகளும் ஒவ்வொன்றும் எடை 1 உடைய மூன்று விளிம்புகளும் கொண்ட முக்கோணத்தில் முனை விலைகள் தோற்றுப்போகின்றன. எந்தப் பொருத்தத்திலும் ஒரு விளிம்பே இடம்பெற முடியும். எனவே விடை 1. முனைதோறும் அரை வீதம் விலையிட்டாலும் மொத்தம் ஒன்றரை. அதற்குக் குறைய இயலாது. விடைக்கும் எல்லைக்கும் இடையே அரை அளவு இடைவெளி எஞ்சுகிறது.

இவ்விடைவெளியை அடைக்க எட்மண்ட்ஸ் கண்ட வழி, ஒற்றைக்கணங்களுக்கும் விலையிடுவது. ஐந்து முனைகளுக்குள் இரண்டுக்கு மேற்பட்ட பொருத்த விளிம்புகள் அடங்கா. ஏழு முனைகளுக்குள் மூன்றுக்கு மேல் அடங்கா. முக்கோணத்தின் மூன்று முனைகளையும் ஒரே கணமாகக் கொண்டு அதற்கு விலை 1 இட்டால், எல்லையும் 1 ஆகிவிடுகிறது. நெறிமுறையின் போக்கில் இக்கணங்கள் ஒற்றைச் சுற்றுகளாகத் தோன்றுகின்றன. அவற்றை எட்மண்ட்ஸ் மலர்கள் என அழைத்து, ஒவ்வொன்றையும் ஒரே முனையாகச் சுருக்கித் தேடலைத் தொடர்ந்தார்.

20 முனைகள் கொண்ட கோட்டுருவில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முனைகளை உடைய ஒற்றைக்கணங்களின் எண்ணிக்கை 5,24,268. இத்தனைக்கும் விலையிட வேண்டுமெனில் சான்று பயனற்றதாகிவிடும். ஆயின் நெறிமுறை விலையிடும் கணங்கள் ஒன்றினுள் ஒன்று அடங்கியோ முற்றிலும் விலகியோ மட்டுமே நிற்கும். ஆகவே அவை ஒன்பதுக்கு மேற்படா. எட்மண்ட்ஸின் சாதனையை நேரத்தின் சாதனையாக மட்டும் கொள்வது குறைபாடு. ஐந்து இலக்கத்திற்கும் மேற்பட்ட தடைகளுள் ஒன்பதே போதும் எனக் காட்டியது, சான்று பற்றிய கண்டுபிடிப்பு.

கால அட்டவணை மறைப்பது

இருகூறு கோட்டுருவுக்கும் பொதுக் கோட்டுருவுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு, சான்றில் ஒற்றைக்கணங்கள் வேண்டுமா என்பதே. இவ்வேறுபாடு கால அட்டவணையில் தெரிகிறதா என்பது ஆராயத்தக்கது.

முனைகளின் எண்ணிக்கை ‘மு’ எனவும் விளிம்புகளின் எண்ணிக்கை ‘வி’ எனவும் கொள்க. இருகூறு கோட்டுருவுக்கு ஃப்ரெட்மேன், டார்ஜான் ஆகியோர் 1987-இல் தந்த எல்லை, மு × (வி + மு × மடக்கை மு) என்னும் அளவினது. பொதுக் கோட்டுருவுக்கு ஹரால்ட் கேபோ 1990-இல் தந்த எல்லையும் அதுவே. அட்டவணையில் இரு வரிகளும் ஒன்றுபோல் நிற்கின்றன. அதை மட்டும் காணும் ஆய்வாளருக்கு இருகூற்றுத்தன்மையால் எப்பயனும் இல்லை என்றே தோன்றும். மலர்களைச் சுருக்குவதும் விரிப்பதும் விலைகளைத் திருத்துவதும் எத்துணை நுட்பமான தரவமைப்புகளை வேண்டின என்பது அவ்வரியில் புலப்படாது.

2022-இல் இந்நிலை மாறியது. குறைந்த செலவுப் பாய்வுக் கணக்குக்கு, விளிம்புகளின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழ நேர்விகிதமான நேரத்தில் விடை காணும் நெறிமுறையைச் சென், கிங், லியூ, பெங், ப்ரோப்ஸ்ட் குட்டன்பெர்க், சச்தேவா ஆகியோர் வெளியிட்டனர். முழு எண் எடைகள் கொண்ட இருகூறு பொருத்தம் பாய்வுக் கணக்கின் ஒரு வடிவம். ஆதலால் அதற்கும் இப்பயன் உடனே கிட்டியது. பொதுப் பொருத்தத்தைப் பாய்வாக நேரடியாக எழுத ஒற்றைக்கணங்கள் இடம் தருவதில்லை. 1990-இல் சமமாகத் தோன்றிய இரு வகைகள் பிற்காலத்தில் பிரிந்தமைக்குக் காரணம், தொடக்கம் முதலே அவற்றின் சான்றுகள் வேறாக இருந்தமையே. அட்டவணை பிந்திக் காட்டியதைச் சான்றின் வடிவம் முன்னரே காட்டியிருந்தது எனலாம்.

சமதளக் கோட்டுரு: எண்ணுதல் எளிது, கண்டறிதல் அரிது

விளிம்புகள் ஒன்றையொன்று வெட்டாமல் தளத்தில் வரையத்தக்கது சமதளக் கோட்டுரு. இது பெரும்பாலும் இருகூறு கோட்டுருவோடு சேர்த்து எளிய வகையாகவே பட்டியலிடப்படுகிறது. ஆனால் முக்கோணமும் சமதளக் கோட்டுருவே. எனவே சமதளத்தன்மை ஒற்றைக்கணங்களை அகற்றுவதில்லை. சான்று பொதுவகையில் உள்ளவாறே நிற்கிறது. இவ்வகை தரும் எளிமை வேறு இரு திசைகளில் அமைகிறது.

முதலாவது, தேடலின் சுருக்கம். லிப்டன், டார்ஜான் ஆகியோர் 1979-இல் வெளியிட்ட பிரிப்பித் தேற்றத்தின்படி, 10,000 முனைகள் கொண்ட சமதளக் கோட்டுருவில் 282-க்கு மேற்படாத முனைகளை நீக்கினால், எஞ்சுவதை ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு பகுதிகளாக்கலாம். எப்பகுதியும் மொத்த முனைகளில் மூன்றில் இரண்டு பங்கை விஞ்சாது. பகுதிகளில் தனித்தனியே விடை கண்டு, நீக்கிய முனைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்த்துத் திருத்தினால், மொத்த நேரம் முனைகளின் எண்ணிக்கையின் ஒன்றரைப் படியை அதன் மடக்கையால் பெருக்கிய அளவில் அடங்கும். பொது எல்லையோடு ஒப்பிட, மாறிலிகளை ஒதுக்கிப் பார்த்தால், 10,000 முனைகளுக்கு இது நூறு மடங்குச் சேமிப்பு.

இரண்டாவது, எண்ணுதலின் எளிமை. ஒரு கோட்டுருவில் எத்தனை முழுப் பொருத்தங்கள் உள்ளன என்னும் வினா, இருகூறு கோட்டுருவிலேயே மிகக் கடினமான எண்ணிக்கைக் கணக்குகளின் வகுப்பைச் சேர்ந்தது என வாலியன்ட் 1979-இல் நிறுவினார். சமதளக் கோட்டுருவில் அதுவே எளிது. 1961-இல் காஸ்டெலெய்னும், அவரைச் சாராமல் டெம்பர்லி, ஃபிஷர் ஆகியோரும், கட்டத்தளத்தை இரட்டைக்கட்ட ஓடுகளால் நிரப்பும் வழிகளை எண்ணும் சூத்திரத்தைக் கண்டனர். எட்டுக்கு எட்டு சதுரங்கப் பலகைக்கு அவ்வழிகள் 1,29,88,816. விளிம்புகளுக்குத் தகுந்தவாறு குறியிட்டால் எண்ணிக்கை ஓர் அணிக்கோவையின் வர்க்கமூலமாக வந்துவிடுகிறது என்பதே காஸ்டெலெய்ன் பின்னர் எல்லாச் சமதளக் கோட்டுருக்களுக்கும் விரித்த முறையின் கரு.

இவ்விரு செய்திகளையும் இணைத்து நோக்கினால், எளிமையை ஒற்றைப் படிக்கட்டாகக் கொள்வது இயலாது என்பது விளங்கும். உகந்ததைக் காணும் வினாவில் இருகூறு கோட்டுருவின் சான்று எளியது, சமதளத்தின் சான்று சிக்கலானது. எண்ணும் வினாவில் சமதளம் எளியது, இருகூறு கடினமானது. எந்த வினா எனக் கூறாமல் ஒரு வகையை எளிது என்பது பொருளற்றது.

இணைநிலைக் கணிப்பின் வரலாறு இதற்குத் தக்க சான்று. மிகப் பல செயலிகளை ஒருங்கே இயக்கி, மடக்கையின் ஏதேனும் ஒரு படி அளவிலான குறுகிய நேரத்தில், எழுமாற்று எண்களின் துணையின்றி விடை காண முடியுமா என்பதே அங்குள்ள வினா. அணிக்கோவையை இவ்வாறு கணிக்கலாம். ஆதலால் சமதளக் கோட்டுருவின் முழுப் பொருத்தங்களை எண்ணுவது இயன்றது. ஆனால் அவற்றுள் ஒன்றைக் கண்டறிந்து தருவது நெடுங்காலம் இயலாதிருந்தது. இருகூறாகவும் உள்ள சமதளக் கோட்டுருவுக்கு மில்லர், நயோர் ஆகியோர் 1989-இல் பாய்வின் வழியே விடை கண்டனர். இருகூறல்லாத சமதளக் கோட்டுருவுக்கு விடை 2018-இல்தான் கிடைத்தது. அனாரி, விஜய் வசிரானி ஆகியோர் ஒரு வழியிலும், சாங்கோவ்ஸ்கி தனியே மற்றொரு வழியிலும் அதை அடைந்தனர். இடைப்பட்ட ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் இடர்ப்பாட்டில் ஒற்றைக்கணங்களே மையமாக நின்றன. இருமடியாகப் பெருகக்கூடிய எண்ணிக்கையைக் கணிக்க முடிந்தும், அவற்றுள் ஒன்றைக் கையில் எடுத்துத் தர முடியாதிருந்த இம்முரண், சான்றின் வடிவத்தைப் புறக்கணிக்கும் எந்த வகைப்பாட்டுக்கும் விளங்காத புதிராகவே இருக்கும்.

எடைகளின் தனித்தன்மை

மூன்றாம் வகைத் தனித்தன்மை கோட்டுருவில் இல்லை, எடைகளில் உள்ளது. தளத்தில் உள்ள இரட்டைப்படை எண்ணிக்கையிலான புள்ளிகளை இருவிருவராக இணைத்து, இணைப்புக் கோடுகளின் மொத்த நீளத்தைச் சிறுமமாக்கும் கணக்கு இவ்வகையது. எந்த இரு புள்ளிகளையும் இணைக்கலாம். ஆதலால் கோட்டுரு எச்சிறப்பும் அற்ற முழுக் கோட்டுரு. எடைகள் தளத்துத் தொலைவுகளாக இருப்பதே அதன் சிறப்பு. முக்கோணச் சமனிலியின் விளைவாக உகந்த விடையில் இணைப்புக் கோடுகள் குறுக்கே வெட்டுவதில்லை. இவ்வடிவியல் இயல்பைக் கொண்டு வைத்யா 1989-இல் முப்படி எல்லையை உடைத்தார். வரதராஜன் 1998-இல் ஏறத்தாழ ஒன்றரைப்படி நேரத்தை எட்டினார்.

இங்குச் சான்று அளவில் சுருங்கவில்லை, காட்சியாகிறது. முனை விலை அப்புள்ளியைச் சூழ்ந்த வட்டமாகவும், ஒற்றைக்கண விலை அக்கணத்தைச் சூழ்ந்த அகழியாகவும் வரையத்தக்கவை. ஒற்றை எண்ணிக்கையில் புள்ளிகளை அடைத்துள்ள அகழியை ஏதேனும் ஓர் இணைப்பேனும் கடந்தாக வேண்டும். வட்டங்களும் அகழிகளும் ஒன்றோடொன்று மேற்படியாதிருப்பின், அவற்றின் ஆரங்களும் அகலங்களும் சேர்ந்து இணைப்புகளின் நீளத்துக்குக் கீழெல்லை ஆகின்றன. இதைச் சமதளக் கோட்டுருவின் அருகில் ஒரே தலைப்பின்கீழ் வைப்பது, இரண்டும் தாளில் வரையப்படுகின்றன என்னும் மேலோட்டமான ஒற்றுமையால் மட்டுமே.

தனிவகையும் பொதுவகையும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பதையும் கருத வேண்டும். கோட்டுருவின் முனைகளை இரண்டாகப் பிரித்து, இடைப்படும் விளிம்புகளின் எடையைப் பெருமமாக்கும் பெருமவெட்டுக் கணக்கு பொதுவாகக் கடினமானது. சமதளக் கோட்டுருவில் அதை, ஒற்றைச் சுற்றால் சூழப்பட்ட முகங்களை இருவிருவராக இணைக்கும் பொருத்தக் கணக்காக மாற்றலாம் என ஹாட்லாக் 1975-இல் காட்டினார். அவ்வாறு மாற்றியபின் எழும் கோட்டுரு சமதளமும் அன்று, இருகூறும் அன்று. குவாண்டம் கணினியின் தளக்குறியீடுகளில் பிழைக்குறிகளை இணைத்துத் திருத்தும் முறையை டென்னிஸ், கிட்டேவ், லாண்டால், ப்ரெஸ்கில் ஆகியோர் 2002-இல் ஆராய்ந்தபோதும், அடிப்படையாகக் கொண்டது சிறும எடை முழுப் பொருத்தத்தையே. தனிவகையின் பயனை நுகர, மலர்களைக் கையாளும் பொது நெறிமுறையே ஈண்டுத் தேவைப்படுகிறது.

ஒரு மறுப்பும் விடையும்

பயன்பாட்டில் நேரமே முதன்மை. சான்று கோட்பாட்டாளரின் விருப்பம் மட்டுமே என மறுக்கலாம். இம்மறுப்பை அதன் களத்திலேயே எதிர்கொள்ளலாம். எடை மிகுந்த விளிம்பை முதலில் எடுக்கும் எளிய முறை, எந்தக் கோட்டுருவிலும் உகந்த எடையின் பாதிக்குக் குறையாத விடையைத் தரும். முன்னர்க் கண்ட எடுத்துக்காட்டில் அது 10-க்கு 8 தந்தது. 1999-இல் ப்ரைஸ் இவ்வுறுதியை நேர்விகித நேரத்திலேயே அடையலாம் எனக் காட்டினார். 2014-இல் துவான், பெட்டி ஆகியோர், நிலையான எந்தப் பிழையளவுக்கும், உகந்ததற்கு அவ்வளவு நெருங்கிய விடையை நேர்விகித நேரத்தில் பெறும் நெறிமுறையை வெளியிட்டனர். அதுவும் பொதுக் கோட்டுருவில். விரைவு மட்டுமே நோக்கமெனில் தனிவகை நெறிமுறைகள் பலவற்றின் தேவையையே இவ்விளைவு ஐயத்துக்குள்ளாக்குகிறது. நெருக்கமான விடையின் நெருக்கத்தை உறுதிசெய்வதும் முனைகளுக்கும் ஒற்றைக்கணங்களுக்கும் இடப்பட்ட விலைகளே. ஆகவே நேரத்தை முன்னிறுத்தும் வாதமும் இறுதியில் சான்றிடமே வந்து சேர்கிறது.

கற்பித்தல் நோக்கு

தமிழகப் பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் ஒதுக்கீட்டுக் கணக்கும் ஹங்கேரியன் முறையும் இடம்பெற்றுள்ளன. தமிழ்வழி மாணவர் எடையிட்ட பொருத்தத்தை முதலில் எதிர்கொள்ளும் இடம் இது. நிரையின் சிறும எண்ணைக் கழித்தல், நிரலின் சிறும எண்ணைக் கழித்தல், பூச்சியங்களைக் குறைந்த கோடுகளால் மறைத்தல் என்னும் படிகள் கணக்கைச் செய்து முடிக்கப் போதும். ஆயின் கழிக்கப்பட்ட எண்கள் அனைத்தும் முனை விலைகளே என்பதையும், கோடுகளின் எண்ணிக்கை பற்றிய படி கேனிக்கின் தேற்றமே என்பதையும் உடன் கூறாவிடில், மாணவரிடம் விடை இருக்கும். அது சரியென்பதற்கான காரணம் இராது. கழித்த எண்களை ஓரத்தில் எழுதிக் கூட்டினால் அத்தொகை சிறுமச் செலவுக்குச் சமமாவதைக் காட்ட ஒரு வகுப்பு நேரம் போதும். முக்கோணத்தில் அது ஏன் தோற்கிறது எனக் கேட்க வைத்தால், எட்மண்ட்ஸின் மலர்கள் வரை செல்லும் வழி திறந்துவிடும்.

முடிவுரை

எடையிட்ட பொருத்தக் கணக்கில் தனிவகைக் கோட்டுருக்கள் தரும் எளிமை ஒன்றன்று, மூன்று. இருகூற்றுத்தன்மை சான்றிலிருந்து ஒற்றைக்கணங்களை நீக்குகிறது. சமதளத்தன்மை சான்றைத் தொடாமல் தேடலையும் எண்ணுதலையும் எளிதாக்குகிறது. தொலைவாக அமையும் எடைகள் சான்றை வடிவியல் உருவாக மாற்றுகின்றன. மரம் முதல் இரு பயன்களையும் ஒருங்கே பெற்ற வகை. இவற்றை நேர எல்லையால் மட்டும் வரிசைப்படுத்தும் ஆய்வுரைகள், 1990-இன் ஒத்த எல்லைகளையும், 2018 வரை நீண்ட தேக்கத்தையும், 2022-இன் பிரிவையும் தொடர்பற்ற செய்திகளாகவே முன்வைக்க நேரும். புதிய தனிவகை ஒன்றுக்கு நெறிமுறை முன்மொழியப்படும்போது, ‘எத்தனை விரைவு’ என்பதோடு ‘இவ்வகையில் விடைக்கான சான்று எவ்வடிவம் பெறுகிறது’ என்பதையும் வினவுவது திறனாய்வின் கடமையாகும்.